ஆளில்லாத வகுப்பின் தங்கம்

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டையை இந்த வருஷம் புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கச் சொல்லுங்கள். நம் போட்டிகள் நடப்பது மார்கழியிலும் தையிலும். காலையில் குன்னூர் மண்டபத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கிற வீரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஸ்வெட்டரை மேலே போட்டால் கோடு மறைந்துபோகும். அப்புறம் உங்களை நடுவர் என்று ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். உள்ளேதான் போட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வாட்ஸப் குழுவில் கொஞ்ச நாளாக அடிதடி நடக்கிறது. கை மல்யுத்தத்தில் எடை வகுப்புகள் கூடிப்போச்சு, குறைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. குறைத்தால் சின்ன உடம்புக்காரர்களின் கை ஒடியும் என்று இன்னொரு கட்சி. நடுவில் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறவர்கள் மூன்றாவது கட்சி. "டீச்சர் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறாங்க" என்று கடைசியில் என்னையும் இழுத்துவிட்டீர்கள். அந்தச் சின்னக் கண்ணாடியில் விரலால் குத்திக் குத்திப் பதில் போட எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்துகொண்டே இந்த மேசைக்கு நடுவராக வந்தவள் நான். குனிந்து நிற்க முதுகு ஒத்துழைக்கும்வரை நின்றேன். ஊரில் பஞ்சா போடுவது என்பார்கள், கூடலூர்ப் பக்கம் பஞ்சகுஸ்தி என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். இரண்டு பேர் முழங்கையை மெத்தையில் ஊன்றிக் கையைக் கோத்துக்கொள்கிறார்கள், ஒருத்தர் கையை மற்றவர் சாய்க்கிறார். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். நமக்கு மட்டும் அந்த இரண்டு கைகளுக்கும் இடையில் நடக்கிற ஆயிரம் விஷயம் தெரிய வேண்டும்.

எடை வகுப்பைப் பற்றி எனக்கு இருக்கிற அபிப்பிராயம் எந்த விதிப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை. செல்வராணி என்று ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. கொலக்கொம்பைப் பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். அவளைப் பற்றிச் சொன்னால் போதும், என் பதில் அதிலேயே இருக்கும்.

நம் மாவட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலது கை தனி, இடது கை தனி, ஆண்கள், பெண்கள், இளையோர், மூத்தோர், ஒவ்வொன்றுக்கும் எடை எடையாக வகுப்பு. மேசையில் கை வைக்க வந்தவர்களைவிட மேடையில் அடுக்கி வைத்திருக்கும் மெடல்கள் அதிகம். வகுப்பு கூடினால் மெடல் கூடும், மெடல் கூடினால் போட்டோ கூடும், போட்டோ கூடினால் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வகுப்பில் ஒரே ஆள் பெயர் கொடுத்திருந்தால்? அவரைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தங்கத்தை மாட்டி அனுப்பிவிடுவோம். மாநிலப் போட்டிக்கும் அவரே போவார்.

பெண்களில் ஐம்பது கிலோவுக்குக் கீழே உள்ள வகுப்பில் செல்வராணி இரண்டு வருஷம் தொடர்ந்து அப்படித் தங்கம் வாங்கியிருந்தாள். யாருடைய விரலையும் தொடவில்லை. மாநிலப் போட்டிக்குப் போய், மேசையில் ஒருத்தி கையைப் பிடிப்பதே அங்கேதான் என்ற கதையாகி, இரண்டு முறையும் சுருண்டு வந்தாள். வீட்டில் மாமியார் வேறு. சிலோன் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்த கிழவி, வாய் அசாத்திய வாய். மெடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கை புடிக்காம குடுத்த மெடலு. லயத்துல யாருகிட்டயும் காட்டாத, சிரிப்பாங்க" என்றாளாம். செல்வராணி அந்த இரண்டையும் லயத்து வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். இதையெல்லாம் அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது வருஷம்.

எடை பார்க்கிற காலை. இங்கே நம் மலைக்கென்று ஒரு வழக்கம் உண்டு, சமவெளி ஆட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் குளிரில் பெண்களை ஸ்வெட்டரைக் கழற்று, கம்பளிச் சட்டையைக் கழற்று என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் எல்லாவற்றோடும் தராசில் ஏறச் சொல்லி, உடுப்புக்காக ஒரு கிலோ கழித்துக்கொள்வோம். தராசும் இரவல்தான். தேயிலை ஃபேக்டரியில் இலை மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு. ஒரு கிலோ என்பது நாங்களாகக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டது. ஒருத்தரும் அதுவரை கேள்வி கேட்டதில்லை. எல்லாருக்கும் குறைந்த எடையில் நிற்கத்தானே ஆசை?

செல்வராணி ஏறினாள். ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. நான் வழக்கம்போல, "கழிவு போக ஐம்பதுக்குக் கீழே" என்று சொல்லி எழுதப் போனேன்.

"கழிக்காதீங்க டீச்சர்."

"என்னம்மா?"

"தராசு காட்டுறதை அப்படியே எழுதுங்க. மழை பெஞ்சா இலைக்குத் தண்ணிக் கழிவுன்னு போடறாங்க, சாக்குக்குத் தனியாக் கழிக்கறாங்க. வருஷம் பூராக் கழிச்சுக் கழிச்சே பழகிப் போச்சுங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் முழுசா எழுதுங்க."

"அடி பைத்தியமே, முழுசா எழுதினா நீ அறுபது வகுப்புக்குப் போயிருவே!"

"அங்க ஆள் இருக்குங்களே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐம்பது வகுப்பில் அந்த வருஷமும் அவள் பெயர் மட்டும்தான். கழிவை ஏற்றுக்கொண்டால் உட்கார்ந்த இடத்தில் தங்கம், மாநிலப் போட்டிக்கு இடம். வேண்டாமென்றால் அறுபது வகுப்பு. அதில் நான்கு பேர். அவர்களில் ஒருத்தி இத்தலார் ரேவதி.

ரேவதியை அப்போது மாவட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. படுகர் வீட்டுப் பெண். காரட் தோட்டத்தில் மூட்டை தூக்கி வளர்ந்த கை, போதாததற்கு ஊட்டியில் ஜிம்முக்கும் போய்க்கொண்டிருந்தாள். அறுபது கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்பாள். மணிக்கட்டு என் முழங்கை அளவு இருக்கும். முந்தின வருஷத் தங்கம் அவளுடையது. அதை அவள் கை பிடித்து வாங்கியிருந்தாள். செல்வராணிக்கு அவள்மேல் கண் இருந்ததே அதனால்தான்.

நான் தலைமை நடுவரிடம் ஓடினேன். கூடலூரில் மிளகு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "கழிவு வேணும்னு கேக்கறவங்களுக்குத்தானே கழிவு? வேண்டான்னு சொல்றவளுக்கு நிர்ப்பந்தமாக் கொடுக்கணும்னு எங்கயும் இல்லல்லோ" என்றார்.

"மாஸ்டர், பத்து கிலோ வித்தியாசம்! அந்தக் கை ஒடிஞ்சா நாளைக்கு அவ எதை வச்சு இலை பறிப்பா?"

"அதை நோக்கத்தானே டீச்சரை மேசையில நிறுத்தியிருக்கு?"

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் டீயைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன். ஆனால் அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு மாலைவரை நான் கீழே வைக்கவில்லை. நீங்களும் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பைப் பிரிப்பவர்கள் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேசைக்குப் பக்கத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கப்போவது நாம்தான்.

முதல் ஆட்டத்தில் செல்வராணிக்கு எதிரே குன்னூர்க் கல்லூரிப் பெண். கை கோத்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நடுவர் என்ற முறையில் இரண்டு கைகளையும் சரி செய்யும்போது தொட்டுப் பார்ப்போம் அல்லவா? அந்தச் சின்னக் கையில் சதை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் விரல்கள் இருக்கிறதே, அடேயப்பா! எதிராளியின் கட்டை விரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றன. நான் "கோ" சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு மல்லாந்துவிட்டது. பாவம், என்ன நடந்ததென்று தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது ரேவதி. அங்கே விரல் வேலை செய்யவில்லை. ரேவதி அவசரப்படாமல் தாங்கிக்கொண்டு, பிறகு ஒரே சாய்ப்பாகச் சாய்த்துவிட்டாள். நம் போட்டியில் இரண்டு முறை தோற்றால்தானே வெளியே? செல்வராணி தோற்றவர்கள் பக்கம் போய், மிச்சம் இருந்தவளையும் ஜெயித்துவிட்டு, மத்தியானம் திரும்பவும் ரேவதி எதிரே வந்து நின்றாள். இறுதி ஆட்டம்.

அதற்குள் எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜீப் நிறையச் சனம் இறங்கியிருந்தது. முன்வரிசையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாமியார். எதிர்ப்பக்கம் இத்தலாரிலிருந்து வந்தவர்கள், படுக பாஷையில் ஒரே ஆரவாரம். மண்டபத்தில் யாருக்கும் குளிர் தெரியவில்லை.

ரேவதிக்கு அதுவரை தோல்வியே இல்லை. அவளை ஜெயிக்க வேண்டுமானால் செல்வராணி அடுத்தடுத்து இரண்டு முறை சாய்க்க வேண்டும். முதல் முறை எப்படிச் சாய்த்தாள் என்று இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. "கோ" என்றதும் அவள் கையைப் பக்கவாட்டில் தள்ளவே இல்லை. தன் பக்கமாக இழுத்தாள். காலையில் தாங்கியது போலத் தாங்கிக்கொள்ளலாம் என்று ரேவதி நினைத்திருந்தாள். அதற்குள் அவள் மணிக்கட்டு பின்னுக்கு மடங்கித் திறந்துவிட்டது. அப்புறம் என்ன, கை இறங்கிவிட்டது. நடுவர் சிரிக்கக் கூடாது, உண்மைதான். நான் சிரித்தேன். மாமியார் சால்வையைத் தூக்கி வீசிவிட்டு பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

ஆக, கடைசி ஆட்டம். ஜெயித்தவள் மாநிலப் போட்டிக்கு.

தொடங்கியவுடனே செல்வராணியின் முழங்கை மெத்தையைவிட்டு எழும்பியது. குட்டையான உடம்பு, எட்டி எட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தவறு என்று கை காட்டினேன். இன்னொரு தவறு நடந்தால் ஆட்டம் போச்சு. திரும்பத் தொடங்கினோம். இருவருக்கும் வேர்வை, பிடி வழுக்கிக் கைகள் பிரிந்துவிட்டன. பிடி வழுக்கினால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பட்டை கட்டிவிடுவோம். கட்டினேன். பட்டை கட்டிவிட்டால் விரலுக்கு வேலை குறைவு, மிச்சமெல்லாம் தோளுக்கும் உடம்புக்கும்தான். விரலை வைத்துத்தான் செல்வராணி அதுவரை வந்திருந்தாள்.

ரேவதி மெல்ல மெல்ல இறக்கினாள். பாதி தூரம் இறங்கிய கையை செல்வராணி அங்கேயே பிடித்து நிறுத்தினாள். மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். கையால் முடியாதென்று தெரிந்ததும் தோளைத் திருப்பி மேசைக்குள் கொண்டுபோனாள். உடம்பு ஒரு பக்கம், கை பின்னால் ஒரு பக்கம். முகம் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

புதிதாக வந்தவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆட்டக்காரரின் கண் தன் கையைப் பார்க்கிறவரை பயமில்லை. கண் கையைவிட்டுப் போய், தோள் கைக்கு முன்னால் போய்விட்டால், மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அது ஒடிகிற சத்தத்தை வேறொரு ஊரில் நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். காய்ந்த விறகு ஒடிகிற மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம் வருகிற அலறலை எழுத எனக்கு மனசில்லை.

"செல்வராணி, கையைப் பாரு! கையைப் பாரு!" என்று கத்தினேன். கேட்டிருக்குமோ என்னவோ. அவள் திரும்பவில்லை. கை ஒரு விரல்கடை மேலே ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏறியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவள் ஜெயித்திருக்கலாம். எலும்பு போயிருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் எதை யோசித்தேன் என்று கேட்டால், ஒன்றையும் யோசிக்கவில்லை. என் இரண்டு கைகளையும் அவர்கள் கைகள்மேல் போட்டுப் பொத்தி, "ஸ்டாப்!" என்று கத்தினேன்.

எச்சரித்தும் ஆபத்தான நிலையைவிட்டு வராதது தவறு. அவளுக்கு இரண்டாவது தவறு. தோல்வி.

அடுத்து நடந்ததைக் கேட்காதீர்கள். மண்டபமே இடிந்துவிழுகிற மாதிரி கூச்சல். எஸ்டேட்காரர்கள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவள் மாமியார்தான். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "எம் மருமவ ஜெயிச்சுக்கிட்டு இருந்தா! கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? ஏன் டீச்சரம்மா நிறுத்தின? யாரு சொல்லி நிறுத்தின?" என்று ஆடித் தீர்த்துவிட்டாள். கை பிடிக்காத மெடலென்று நையாண்டி செய்த அதே வாய். அந்தக் களேபரத்திலும் எனக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

ரேவதி பட்டையை அவிழ்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்தவள் துள்ளுவாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய் இருக்கிறாள். "அவங்க கை எங் கைக்குள்ள நடுங்கிச்சுங்க டீச்சர். நீங்க நிறுத்தலேன்னா நான் விட்டிருப்பனான்னு தெரியலைங்க" என்றாள். ஜெயித்த நிமிஷத்தில் அப்படி உண்மை பேச எத்தனை பேரால் முடியும், சொல்லுங்கள்.

செல்வராணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், விரித்தாள். தோளைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நாளைக்கு இலை பறிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"பறிக்கலாம்மா. ஒண்ணும் ஆகலை."

"அப்பச் சரிங்க" என்றாள். மாமியாரின் கையைப் பிடித்து, "வாங்கத்தே, டீச்சரை விடுங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த "சரிங்க"வில் துளி வன்மம் இல்லை. எத்தனையோ சாம்பியன்களை நான் பார்த்திருக்கிறேன். அவள் அளவுக்கு யாரையும் மதித்ததில்லை.

பரிசளிப்பின்போது ஒரு கூத்து நடந்தது. நிர்வாகத்தில் ஒருவர் ஐம்பது வகுப்புத் தங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அந்தப் பொண்ணு நெசமா ஐம்பதுக்குக் கீழேதானே, இதையும் மாட்டி மாநிலத்துக்கு அனுப்பிரலாம், போட்டோவுக்கும் நல்லா இருக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். செல்வராணி கழுத்தில் அறுபது வகுப்பு வெள்ளியை மாட்டிக்கொண்டு நின்றவள், கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாமுங்க. அங்கயே வச்சிருங்க. ஆள் வந்ததும் வாங்கிக்கறேன்."

மாஸ்டர் அந்தத் தங்கத்தை வாங்கி என் கையில் வைத்தார். "டீச்சரே, சூட்சிச்சு வையி" என்றார். பத்திரமாக வை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் என் மேசை இழுப்பறையில் விசில்களோடு சேர்ந்து அது ஒரு வருஷம் கிடந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வகுப்புகளைக் குறைக்கலாமா? நம் மாதிரி சின்ன மாவட்டத்தில் தாராளமாகக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். ஒரே ஆள் நிற்கிற வகுப்புக்கு மெடல் கொடுப்பது அந்த ஆளை அவமானப்படுத்துகிற வேலை. செல்வராணியின் அரிசி டப்பாவைக் கேளுங்கள், அது சொல்லும். ஆனால் ஒரேயடியாக எல்லாரையும் ஒரே மேசையில் தள்ளுங்கள் என்று குழுவில் எழுதியிருக்கும் அந்தத் தம்பிக்குச் சொல்கிறேன், நீ ஒரு நாள் என் இடத்தில் நின்று பார்த்துவிட்டு எழுது. எடை பார்க்கிற காலையில் வந்திருக்கும் முகங்களைப் பாருங்கள், அவர்களை வைத்து வகுப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின மாதமே காகிதத்தில் கட்டம் போட்டுவிட்டு, கட்டத்துக்கு ஆள் தேடாதீர்கள். எடை வித்தியாசம் பெரிதாக இருக்கிற மேசையில் உங்களிலேயே அனுபவம் உள்ளவர் நிற்கட்டும். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

இது என் கணக்கு. செல்வராணி போட்ட கணக்கு வேறு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருஷம் அதே மண்டபம், அதே இரவல் தராசு. வாசலில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. செல்வராணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி, இன்னொருத்தி என்று ஒரு கும்பலே இறங்கியது. எல்லாரும் ஒல்லிக் குச்சிகள். எல்லாரும் இலை பறிக்கிறவர்கள். சாயந்திரம் லாரி வருகிறவரை இலைக் கொட்டகையில் சும்மாதானே காத்திருப்பார்கள்? அந்த நேரத்தில் தராசு மேடைமேல் முழங்கையை ஊன்றச் சொல்லி, செல்வராணி அவர்களை வருஷம் முழுக்கப் பழக்கியிருக்கிறாள். அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார் சாந்தி. பார்த்தாலே வம்புக்காரி என்று தெரியும்.

செல்வராணி தராசுக்கு முன்னால் வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள். உள்ளே இருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, நூல் புடவையோடு மேலே ஏறி நின்றாள்.

"இப்பக் கழிவே வேண்டாமுங்க டீச்சர். நல்லாப் பாருங்க. ஐம்பதுக்குக் கீழதான்."

"ஐம்பதுலயா நிக்கப் போறே?"

"ஆளைக் கூட்டிட்டு வந்துட்டனே!"

ஆளில்லை என்று வகுப்பைக் குறைக்கலாமா என்று இன்றைக்கு நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். அவள் அன்றைக்கே வகுப்புக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டாள். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் மீசையைத் தடவுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஐம்பது வகுப்பு மாதிரி ஓர் ஆட்டம் மாவட்டத்தில் நடந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். விரலுக்கு விரல். ரேவதி தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து மேசையோரம் நின்று, "அப்படியில்லைங்கக்கா, தோளை உள்ள விடாதீங்க!" என்று எல்லாருக்கும் பொதுவாகக் கத்திக்கொண்டிருந்தாள். இறுதியில் செல்வராணிக்கு எதிரே வந்து நின்றவள் சாந்தி.

மாமியாருக்கு வந்தது சங்கடம். ஒரு பக்கம் பெற்ற மகள், ஒரு பக்கம் மருமகள். சனமெல்லாம் ஆட்டத்தைப் பார்க்காமல் கிழவியைப் பார்க்கிறது. யார் பெயரைச் சொல்லப் போகிறாள்? நான் இருவர் கையையும் சரி செய்து, "ரெடி" என்றேன். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் கிழவியின் குரல் கேட்டது.

"செல்வராணி! விடாத தாயி!"

சாந்தி மேசையில் கையை வைத்தபடியே திரும்பி, "ஏம்மா, நான் உனக்கு யாரு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்ததில் நான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாந்தி சுலபத்தில் கொடுக்கவில்லை. செல்வராணியை வியர்க்க விறுவிறுக்க வைத்த பிறகுதான் இறங்கினாள். செல்வராணியின் கண் ஒரு தடவைகூடத் தன் கையைவிட்டு நகரவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கைப்பையிலிருந்து போன வருஷத் தங்கத்தை எடுத்தேன். அந்த வருஷத்துத் தங்கத்தை நிர்வாகிகள் மாட்டியதும் இதையும் நான் மாட்டப் போனேன். அதற்குள் கிழவி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முந்தின வருஷம் என்னைத் திட்டியதற்கு ஒரு வார்த்தை இல்லை, அவள் சுபாவம் அது. மெடலைச் சால்வை நுனியால் துடைத்தாள். தானே மருமகள் கழுத்தில் போட்டுவிட்டு, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நல்லாப் பாத்துக்குங்க. இது கை புடிச்சு வாங்குனது."